வாய்ச்சத்தம் மட்டும்

சிரிப்பு வரும். உதட்டோரமாக வந்து போகிற சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாயவைக்கிற சிரிப்பு. அதற்கு ஜெபிஷா கேரண்டி. ஆனால் இப்போது கிடையாது. மூன்றரைக்கு மஸ்கட்டிலிருந்து அம்மா கூப்பிடுவாள். நாலு மணி வரைக்கும் அவளுக்கு ஓய்வு, நாலு அடித்தால், தான் நர்ஸாக இருக்கிற வீட்டின் படுத்தபடுக்கைப் பெரியவரைப் புரட்டிப் படுக்கவைக்கப் போய்விடுவாள். அந்த அரைமணி நேரமும் சிரிப்பைக் கைக்குள் பொத்தி வைத்திருக்க வேண்டும், விரலிடுக்கில்கூடக் கசியக் கூடாது. ஏனென்றால் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை போனுக்கு, கோயில் ஆராதனை மாதிரி, ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் என்ன தின்னாய், அடுத்தது என்ன படித்தாய், அதற்குப் பிறகு "இன்னைக்கு யாரு குரலு, செய்யிட்டி பாப்போம்" என்பாள், ஜெபிஷா யார் குரலையாவது செய்வாள், அம்மா சிரிப்பாள், சிரித்து ஓய்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அப்பாட்ட குடு" என்பாள். சிரிப்புக்கு அடுத்தது அப்பா. அந்த அப்பாவோ கோவாவில் ஏதோ ஓட்டல் கட்டிடத்தின் நாலாவது மாடியில் குத்தவைத்து உட்கார்ந்து தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறார். பத்து நாள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். இன்றோடு முப்பத்தாறு நாள்.

அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஜெபிஷா பத்தாம் வகுப்பில் இருந்தபோது இதே மாதிரி "ரெண்டு நாளு" என்று கொச்சிக்குப் போன அப்பா பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து பார்த்தால், மகள் டெங்குக் காய்ச்சலில் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே தரையில் கிடந்தாள். அம்மா அன்றைக்குக் கத்தவில்லை, கத்தியிருந்தாலாவது தேவலை. ஸ்பீக்கரில், மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி, "இன்னொரு தரம் பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போனீயன்னா நான் வருவேன், பிள்ளையக் கூட்டிட்டுப் போவேன், அதோட நமக்குள்ள ஒண்ணும் கிடையாது" என்றாள். ஜெபிஷா எல்லாக் குரலையும் செய்வாள். தலைமையாசிரியை குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று "ஸ்டாண்ட் அப்" என்று சொல்லி ப்ளஸ் டூ பி பிரிவை முழுசாக ஏழு நிமிஷம் நிற்கவைத்தவள், கண்டக்டரின் விசிலையும் "போலாம் ரைட்"டையும் கொடுத்து, டீ குடிக்க இறங்கிய கண்டக்டரை விட்டுவிட்டு பஸ்ஸை வடசேரி வரை ஓடவைத்தவள், ஆனால் அம்மாவின் அந்தக் குரலை மட்டும் செய்து பார்த்ததே இல்லை. நாக்கு அந்தப் பக்கம் போகவில்லை. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, "அம்மாட்ட சொல்லாத மக்களே, பத்தே பத்து நாளு" என்றார். அவளும் பெரிய மனுஷி மாதிரி "நான் பாத்துக்கிடுதேன், போங்க" என்றாள், அந்த நேரத்துக்கு அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. வார நாட்களில் அப்பாவே அங்கிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, "ஜங்ஷன்ல நிக்கேன், பொறவு பேசுதேன்" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார், அதில் சந்தேகம் வராது, அவர் எப்போதுமே இரண்டு வாக்கியத்து மனுஷன்தான். ஞாயிற்றுக்கிழமைதான் கண்டம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டு ஆண்பிள்ளை எங்கே நிற்பான் ஜங்ஷனில்.

ஆகவே ஞாயிறுகளில் அப்பாவும் ஜெபிஷாதான். முதல் ஞாயிறு அது தானாகவே நடந்தது, திட்டம் ஒன்றும் போடவில்லை. "அப்பாட்ட குடு" என்று அம்மா சொன்னதும் தொண்டையைச் செருமினாள், செருமல் அப்பாவுடையதாக வந்துவிட்டது, அப்படியே "ம்" என்றாள், "நீ சாப்ட்டியா" என்றாள், அம்மா "சாப்ட்டேன், நீங்க?" என்றாள், "ம்" என்றாள், "பிள்ள படிக்காளா?" "படிக்கா, படிக்கா." நடுவே ஒரு இருமல். அவ்வளவுதான், முடிந்தது. பத்தொன்பது வருஷக் கல்யாணத்துக்கு நாலு சாமான் போதுமாக இருந்தது: ஒரு இருமல், ஒரு செருமல், ஒரு ம், ஒரு நீ சாப்ட்டியா. போனை வைத்ததும் அடுக்களைக்குள் ஓடிப்போய்க் குதித்தாள், எப்படி, எப்படி, எப்படி என்று கூவினாள். யாரிடம் போய்ச் சொல்வது என்று திரும்பிப் பார்த்தபோது குளிர்சாதனப் பெட்டி மட்டும் நின்று ர்ர்ர் என்றது. அதற்கும் அவள் ர்ர்ர் என்று பதில் சொன்னாள். கீழ்வீட்டுச் சொந்தக்காரர்கள் திருவனந்தபுரத்துக்குக் குடிபோய் ஒரு வருஷமாகிறது, கீழே பூட்டு, மேலே ஜெபிஷா. பக்கத்தில் காலி மனை, அதில் நாலு தென்னை. இவ்வளவு நல்ல குரலுக்கு இவ்வளவு மோசமான ஊர்க்கூட்டம்.

ஹெட்போன் வந்தது அதற்கடுத்த வாரம். அம்மா வேலைபார்க்கும் வீட்டில் யாரும் கேமராவைத் தூக்கக் கூடாது என்று கண்டிப்பு, அதனால் முகம் பார்த்துப் பேசுகிற வழி இல்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரலாவது ஒழுங்காகக் கேட்கட்டும் என்று, ஒன்று வாங்கினால் ஒன்று என்று இரண்டு செட் வாங்கி, ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு, மற்றதை ஊருக்கு வந்த ஒரு குளச்சல்காரர் கையில் கொடுத்துவிட்டாள். வயர் கிடையாது, காது முழுக்க மூடுகிற மெத்தை, நீல நிறம். பொத்தானை அமுக்கினால் உள்ளேயிருந்து ஒரு பெண், "பவர் ஆன். கனெக்டட். பேட்டரி ஹை" என்று இங்கிலீஷில் சொன்னாள். ஜெபிஷா அவளுக்குப் பேட்டரி அக்கா என்று பெயர் வைத்து, பத்து நிமிஷத்தில் அவள் குரலையும் பிடித்துவிட்டாள். இன்னொரு பொத்தானை அமுக்கினால் உலகம் போய்விடும். மின்விசிறியின் கடகட போகும், குளிர்சாதனப் பெட்டி போகும், தென்னை மட்டை தகரத்தில் உரசுகிற சத்தம் போகும், மிச்சம் இருப்பது காதுக்குள் யாரோ மெல்ல மூச்சை விட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு ஸ்ஸ்ஸ், அப்புறம் அவளே எச்சில் விழுங்குகிற சத்தம், கிணற்றில் வாளி விழுந்தாற்போல. முதலில் பயமாக இருந்தது. பிறகு அதைக் கழற்றவே பிடிக்கவில்லை. ஹெட்போன் போட்டிருக்கும்போது வீடு அமைதியாக இருப்பது பொத்தானால், கழற்றினால் அது வேறு காரணத்தால் அமைதியாக இருந்தது. பள்ளிவிட்டு வந்ததும் போட்டுக்கொண்டால் தூங்கும்வரை போட்டே இருப்பாள், பாட்டு ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

அதில் ஒரே ஒரு கோளாறு. பாட்டுக் கேட்டால் தபேலாவில் விரல் பதிகிற சத்தம்கூட விழும், அம்மா அனுப்பும் குரல்செய்தியைப் போட்டால் "குட் மார்னிங் மக்களே"க்கு முன்னால் அவள் மூச்சிழுப்பது, வளையல், எங்கேயோ ஒரு கதவு சாத்துவது எல்லாம் காதோரத்தில் நடக்கும். ஆனால் நேரில் போன் வந்து மைக் வேலைசெய்ய ஆரம்பித்ததும் எல்லாம் தகர டின்னுக்குள் போய்விடும், அம்மா டின்னுக்குள் உட்கார்ந்து பேசுவாள். அப்படியானால், பேசிக்கொண்டிருக்கும் அம்மாவைவிட, என்றைக்கோ பேசி அனுப்பிய அம்மா பக்கத்தில் இருந்தாள். ஜெபிஷா அந்தக் குட் மார்னிங்கை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டாள் என்று போனுக்குத்தான் தெரியும். இன்னொன்று, காது இரண்டும் அடைத்திருந்தால் தன் குரல் தனக்குச் சரியாக விழாது, மண்டைக்குள் மோதி, ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி கும்மென்று கேட்கும். குரல் செய்கிறவளுக்கு அதைவிடச் சாபம் உண்டா. அப்பாவின் "ம்" அப்பாவுடையதாக இருக்கிறதா, எட்டாம் வகுப்புப் பையனுடையதாக இருக்கிறதா என்று தெரியாமலே சொல்ல வேண்டும். அதனால் அப்பா வரும் நேரத்தில் மட்டும் இடது காது மெத்தையைத் தூக்கிக்கொள்வாள்.

ஹெட்போனில் பேசிய முதல் ஞாயிறே அம்மா, "என்னட்டி, வீடு செத்துக் கெடக்கு?" என்று கேட்டாள். "ஒரு சத்தத்தையும் காணோம். டிவி இல்லியா, ஃபேன் இல்லியா, நீ என்ன கெணத்துக்குள்ள இருக்கியா?" ஆளில்லாத வீட்டுக்கு ஒரு வாசனை இருக்கிற மாதிரி ஒரு சத்தமும் இருக்கும்போல, அது கடல் தாண்டிப் போய் அம்மா மூக்கைத் தொட்டுவிட்டது என்று ஜெபிஷா நினைத்தாள். அன்றைக்கு எதையோ சொல்லிச் சமாளித்தாள். அடுத்த வாரம் நாடகம் தொடங்கியது. மூன்றரை மணிக்கே குக்கரை அடுப்பில் ஏற்றினாள், டிவியைப் போட்டாள், அம்மா பேசும்போது குக்கர் கூரையைப் பிய்க்கிற மாதிரி விசிலடித்தது, அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அது ஏனோ போதவில்லை என்று பட்டு, ஜெபிஷா நாக்கை மடித்து மேலண்ணத்தில் ஒட்டி ஒரு குக்கர் விசில் கொடுத்தாள். "ஆ, என்ன வேவுது?" என்றாள் அம்மா உடனே. அப்பா கட்டிலில் புரண்டு இருமினார். நாற்காலி இழுபட்டது. காலி மனையில் ஒரு காகம். "இப்பந்தான் நம்ம வீடு மாரி இருக்கு," என்று அம்மா பெருமூச்சு விட்டாள். நிஜக் குக்கரைவிட என் குக்கர் பெரிது என்று ஜெபிஷாவுக்குத் தலை நிற்கவில்லை. அன்றிலிருந்து அடுப்பை மூட்டுவதில்லை. வாய் ஒன்றே குடும்பம்.

இதில் யாரிடமும் சொல்லாத ஒன்றும் உண்டு. அப்பாவின் இருமலை அவள் முதன்முதலில் செய்தது அம்மாவுக்காக இல்லை. அவர் போன மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்தது, ஐந்தே முக்காலுக்கு அவர் முகம் கழுவும்போது இருமுவார், இரண்டு சின்னது, ஒரு நீளம், கடைசியில் ஒரு காறல். அன்றைக்கு அந்த நேரம் வந்து நின்றுகொண்டே இருந்தது, நகரவில்லை. படுத்தபடியே போர்வைக்குள் இருமினாள், இரண்டு சின்னது, ஒரு நீளம். காறலும் காறினாள். பிறகு எழுந்து பல் தேய்க்கப் போனாள். நேற்றும் இருமினாள், இன்றும் இருமினாள். இன்றைக்குக் கோயிலில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது வலப்பக்கத்து அக்கா, "என்னட்டி, ஆம்பள தொண்டையா இருக்கு?" என்றாள், அப்போதுதான் தெரிந்தது, சொந்தத் தொண்டைக்குத் திரும்ப மறந்து அப்பா தொண்டையிலேயே இரண்டு கண்ணி பாடியிருக்கிறாள். அதற்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள், வழியில் சிரிப்பு எங்கே இறங்கிப்போனது என்று தெரியவில்லை. இப்போது மணி மூன்று இருபத்தெட்டு, ஹெட்போன் போட்டாயிற்று, பேட்டரி அக்கா "மீடியம்" என்றாள், "நீயும் மீடியம்தான், போட்டி" என்றாள் ஜெபிஷா. கழுவாத தட்டு ஒன்று, அதில் மீன்முள். ஒரு தட்டு. எப்போதுமே ஒரு தட்டு.

மூன்றரைக்கு டின் திறந்தது. "மக்களே." "அம்மா." "என்ன தின்ன?" "சாளைக் கொழம்பு, நேத்து வச்சது." "அப்பாக்கு?" "அப்பாவும் அதான்." நாற்காலியை இழுத்தாள், தொண்டைக்குள் இழுத்தாள், உதட்டால் ஒரு பேப்பர் புரட்டல். "பேப்பர் பாத்துக்கிட்டு இருக்காரா?" "ஆமா, அதே பக்கத்த அரமணிக்கூரா." அம்மா ஹும் என்றாள், அது சிரிப்பில் சேராது. படிப்புக்கு வந்தாள். ஜெபிஷா வேதியியலை எடுத்து நீட்டினாள், அதை இழுக்க இழுக்க வந்தது, ரெக்கார்டு நோட்டில் எத்தனை பக்கம் பாக்கி, உப்பு ஆய்வில் பச்சை நிறம் வரவேண்டிய இடத்தில் எப்படி ஒன்றுமே வரவில்லை, டீச்சர் அதற்கு என்ன சொன்னாள். டீச்சர் குரல் தொண்டை வரைக்கும் ஏறி வந்தது, அதைப் பிடித்து உள்ளே தள்ளினாள், இப்போது கிடையாது, அம்மா சிரித்துவிட்டால் அடுத்தது அப்பா. மூன்று நாற்பத்தொன்று. அம்மா அந்தப் பக்கம் எதையோ மென்றாள், பேரீச்சம்பழமாக இருக்கும், கொட்டையைத் துப்புகிற சத்தம் இல்லை, அம்மா எப்போதும் சத்தமில்லாமல் துப்புவாள், இல்லை, முன்பெல்லாம் சத்தம் கேட்குமே, இந்த ஹெட்போன் வந்தபிறகு அம்மாவும், தன் சாமான்கள் எல்லாம் உதிர்ந்து, வெறும் பேச்சாக நிற்கிறாள். அங்கே குழாய் ஒழுகுகிறதா, வெயில் சன்னலில் படுகிறதா, பக்கத்தில் யார். ஒன்றும் தெரியாது. டின்னுக்குள் ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான். "செரிட்டி, குரலு செய்," என்றாள் அம்மா. "இருக்கும்மா, இன்னைக்கு ஒரு ஐட்டம் வச்சிருக்கேன், எட்வின் மாமா. நீ சிரிச்சு உருளுவ. ஆனா பொறு." "என்னத்துக்குப் பொறுக்கணும்?" "பசிக்கட்டும்." "ஏட்டி, எனக்குப் பதினெட்டு நிமிஷம் தான் கெடக்கு." எண்ணுகிறாளே. ஜெபிஷா பதினெட்டை மனசில் துண்டுபோட்டாள், இயற்பியலுக்கு ஆறு, சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து, மழைக்கு இரண்டு, மிச்சம் ஐந்தில் எட்வின் மாமா, அதற்குள் நாலு, பெரியவரைப் புரட்ட அம்மா ஓடுவாள். அப்பாவின் இடத்தைக் காலியாக விடாமலிருக்க, இருப்புக்கு ஒரு இருமல் போட்டுவைத்தாள். இரண்டு சின்னது, ஒரு நீளம்.

"ஜெபி," என்றாள் அம்மா. "என்னம்மா." "அந்த இருமல்." தொண்டைக்குள் மிச்சமிருந்த காறல் அங்கேயே உறைந்தது. "நாலு வாரமா எண்ணுதேன். போன ஞாயிறு ஆறு தரம், இன்னைக்கு இதுக்குள்ள மூணு. சளி இருமல் இல்ல அது, வறட்டு இருமல். டைல்ஸ் அறுக்க தூசி நெஞ்சுல போயி ஒக்காந்திருக்கும். அவருக்குச் சித்தப்பா அப்பிடித்தான் போனாரு. எக்ஸ்ரே எடுத்தாச்சா?" ஜெபிஷா இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. வீட்டில் ஆள் இருப்பதற்கு அடையாளமாகப் போட்ட சத்தத்தை, அங்கே ஒரு நர்ஸ் நோயாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். வாரம் முழுக்க அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா எதை யோசித்திருப்பாள், எந்த நெஞ்சைக் கேட்டிருப்பாள். இல்லாத மனுஷனுக்கு இல்லாத வியாதி, அதை ஊட்டி வளர்த்தது இவள் நாக்கு. "அது சும்மா, பீடிக்கு," என்றாள். "பீடியா? விட்டுட்டாருன்னு சொன்ன?" ஐயோ. "இல்லம்மா, பழைய பீடி, அதோட…" "குடு அப்பாட்ட." "ஒறங்குதாரு." "இப்பம் பேப்பர் பாத்தாரு?" "பாத்துக்கிட்டே ஒறங்கிட்டாரு." "எழுப்பு. இருமுத ஆளு ஒறங்குவாரா? எழுப்புட்டி, நான் ரெண்டு கேள்வி கேக்கணும், ராத்திரி வேர்க்குதா, எடை கொறைஞ்சிருக்கா. அவரு வாயால சொல்லட்டும்." அம்மா அந்தக் குரலுக்கு மிக அருகில் வந்துவிட்டாள், மருந்துச் சீட்டுக் குரலுக்கு, இன்னும் ஒரு படிதான். நாலு சாமானில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. ராத்திரி வேர்க்குதா என்று கேட்டால் "ம்" என்று சொல்லலாமா, சொன்னால் அம்மா அடுத்த விமானத்தில் ஏறுவாள், "இல்ல" என்று சொல்லலாம், அப்பா "இல்ல" என்பதை எப்படிச் சொல்வார், இல்லவா, இல்லியா, தலையை ஆட்டுவாரே தவிர வாயால் சொல்லிக் கேட்டதே இல்லையே. முப்பத்தாறு நாளில் அப்பா குரல் அவளிடமிருந்து எவ்வளவு தேய்ந்துவிட்டது, நாலு துண்டு தவிர மற்றதெல்லாம் எங்கே போயிற்று. மூன்று நாற்பத்தேழு. பொத்திவைத்திருந்த கையைத் திறக்க வேண்டியதுதான், இப்போது சிரிப்புதான் கேடயம்.

"எழுப்புதேன், எழுப்புதேன், அதுக்கு முன்னால ஐட்டம். நீ கேட்டல்லா, கேளு. போன வாரம் நம்ம கோயில் அசன விருந்து முடிஞ்சுதா, எட்வின் மாமா மைக்கைப் புடிச்சாரு." அம்மா வேண்டாம் என்பதற்குள் மைக் கீய்ய்ச்ச் என்று அலறியது, பின்னால் ஜெனரேட்டர் தடதடதட என்று கிளம்பியது, அதற்குமேல் மூக்கால் வந்தார் சபைச் செயலாளர் எட்வின்: "ஹலோ, ஹலோ. சபையாரின் கவனத்திற்கு. ஒரு எடது கால் செருப்பு, ஆம்பளச் செருப்பு, ஒம்பதாம் நம்பரு, ஆலய அலுவலகத்தில் இருக்கிறது." தடதடதட. "அதன் வலது செருப்பைப் போட்டுக்கொண்டு போன அன்பர், தனது சொந்த எடது செருப்புடன் வந்து…" பின்னாலிருந்து அவர் மனைவி, வெற்றிலை வாயோடு: "ஏங்க, அவரு எடத கொண்டு வந்தா இவரு வெறுங்கால்லயா போவாரு?" "நீ சும்மா கெட… தனது சொந்த வலது செருப்புடன் வந்து…" "வலதையும் கொண்டு வரச் சொன்னா அவரு வெறுங்கால்லயா வருவாரு?" கீய்ய்ச்ச். ஒரு பிள்ளை அழுதது. பாத்திரம் ஒன்று உருண்டது. ஜெனரேட்டர் இரண்டு விக்கல் விக்கி, திரும்பப் பிடித்தது. "ஆகவே சபையாரே, இன்று சாயங்காலத்துக்குள் யாரும் வராத பட்சத்தில் அந்த ஒரு செருப்பு ஏலம் விடப்படும். ஒற்றைக்கால்… யாருல அங்க சிரிக்கிறது? அசனச் சோறு தின்ன வாயா அது?" அம்மா சிரிப்பில் போய்விட்டாள். முதலில் சத்தமே வரவில்லை, டின் காலியாக இருந்தது, அப்புறம் ஒரு கீச்சு, அப்புறம் மூச்சு வாங்குதல், அப்புறம் உடைந்து கொட்டியது, ஐயோ என்றாள், நிறுத்துட்டி என்றாள், வயிறு என்றாள், மறுபடி ஒரு செருப்பு ஏலமா என்று தானே சொல்லித் தானே சரிந்தாள். ஜெபிஷா வலது கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தகர டின்னாக இருந்தாலும் அது அம்மா சிரிப்பு, வீட்டுக்குள், அவளுடைய இரண்டு காதுக்கும் நடுவில், வேறெங்கும் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. சிரி, சிரி, மணி நாலு ஆகட்டும், இப்படியே சிரித்துக்கொண்டே போய்விடு அம்மா.

"அந்த ஜெனரேட்டரு," என்றாள் அம்மா மூக்கை உறிஞ்சி. "அது பதிஞ்சு வச்சு ஓட்டுனதா?" "எல்லாம் நாந்தான். வாய்தான்." சொல்லும்போதே ஜெபிஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மைக் கூச்சலு?" "நாந்தாம்மா." "பாத்திரம் உருண்டுது?" "நாக்கு." "பிள்ள அழுதது?" "நாந்தான், நாந்தான், ஒருத்தருமில்ல, எல்லாம் நாந்தான்!" அம்மா கடைசியாக ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள், அது பாதியில் நின்றது. ஜெபிஷா, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஜெபி," என்றாள் அம்மா, மெதுவாக. "இங்க இப்பம் மிக்ஸி ஓடுது. சமையல்காரி தேங்கா அரைக்கா. ஒனக்குக் கேக்குதா?" ஜெபிஷா காதைக் கூர்மையாக்கினாள். ஸ்ஸ்ஸ். "இல்லியே." "என் கைக்குப் பக்கத்துல ஓடுது. மேடைல கைய வச்சிருக்கேன், அதிருது. நல்லாக் கேளு." "ஒண்ணும் கேக்கலம்மா." "ம். நான் இந்த ஹெட்போன எப்பமும் அறைக்குள்ள போட்டுத்தான் பேசுவேன். இன்னைக்குத்தான் அடுக்களைல நிக்கேன். நீ ஐட்டம் செய்யும்போதே அவ அரைக்கத் தொடங்கிட்டா. இந்தச் சத்தத்துல பிள்ளைக்கு என் சிரிப்புக் கேக்குமான்னு அவட்ட சாடைல கேட்டேன். இந்த ஹெட்போன்ல போட்டிருக்க ஆளோட வாய்ச்சத்தம் மட்டுந்தான் அந்தப் பக்கம் போவும், சுத்திக் கெடக்க சத்தம் ஒண்ணும் போவாதுன்னா. அவளும் இதே மாரி ஒண்ணு வச்சிருக்கா." மூக்கை உறிஞ்சினாள். "ஒனக்குக் குடுத்து விட்டதும் இதே செட்டுத்தான்."

ஜெபிஷாவின் வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே எட்வின் மாமா, டீச்சர், கண்டக்டர், பேட்டரி அக்கா எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தரும் முன்னால் வரவில்லை. நிஜக் குக்கர் விசிலடித்தபோது ஒன்றும் சொல்லாத அம்மா, என் குக்கருக்கு மட்டும் ஆ என்றாளே. கட்டிலில் கிடக்கிற அப்பாவின் இருமலும் அங்கே போயிருக்கக் கூடாது. செத்துக் கிடந்தது வீடு இல்லை, வீட்டின் சத்தத்தை இந்த மெத்தைக்காது முழுங்கிவிட்டது, நான் அப்போது வாயே திறக்காமல் இருந்திருந்தால். இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இடது கை தானாகவே இடது காது மெத்தையைத் தூக்கியது. அந்தப் பக்கக் காதில் மின்விசிறி கடகடத்தது, தென்னை மட்டை தகரத்தில் ஒரு தரம் உரசி ஓய்ந்தது, இவ்வளவும் இங்கே நடந்துகொண்டிருக்கிறது, ஒன்றும் அங்கே போகவில்லை. வலது காதில் டின்னுக்குள் அம்மா மூச்சு விட்டாள்.

"எத்தன நாளாச்சு மக்களே," என்றாள் அம்மா, "அவரு போயி?"